கார்பன் குறைப்புத் திட்டத்தால் கிடைக்கும் உடல்நலப் பலனைக் கணக்கிடுவது எப்படி?

நீலவானம் கேட்டது:

சில மாகாணங்கள் சேர்ந்து கொண்டுவரும் கார்பன் உச்சவரம்புத் திட்டம் ஒன்றுக்குக் காற்றுத் தர, உடல்நல மதிப்பீடு தயாரிக்க வேண்டும். அனல் மின்நிலையங்களின் கரியமில வாயுவுக்கு ஆண்டு வரம்பு, உமிழ்வு அனுமதிகள் ஏலத்தில் விற்பனை, அந்தப் பணத்தில் மின்சிக்கனத் திட்டங்கள் என்பது வழக்கமான வடிவம். அடுத்த கட்டத்தில் போக்குவரத்தும் சேரும்.

என் கேள்விகள்:

ஒரு டன் கரியமில வாயு குறைந்தால் உடல்நலச் செலவில் இவ்வளவு மிச்சம் என்று ஒரே எண்ணால் பெருக்கிய அறிக்கைகள் நிறைய இருக்கின்றன. அப்படிச் செய்யலாமா? வளிமண்டல வேதியியல் மாதிரியை முழுதாக ஓட்டும் வசதி இல்லாதபோது எந்தக் கருவியை நம்பலாம்? திட்டம் தொடங்கிய பிறகு, காற்று மேம்பட்டது இதனால்தான் என்று அளவீடுகளைக் கொண்டு எப்படிக் காட்டுவது? கரியமில வாயு குறைந்தும் காற்று கெட்டுப்போன இடங்கள் உண்டா?

---

புகைபோக்கி:

முதல் கேள்விக்குப் பதில்: கூடாது. நுரையீரலைக் கெடுப்பது கரியமில வாயு அல்ல, அதே புகைபோக்கியில் அதனுடன் வரும் கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள், நுண்துகள், பாதரசம் ஆகியவை. இவற்றுக்கும் கரியமில வாயுவுக்கும் உள்ள விகிதம் ஆலைக்கு ஆலை மாறும்.

1 சதவீதம் கந்தகம் உள்ள நிலக்கரி ஒரு டன் எரிந்தால் ஏறத்தாழ 19 முதல் 20 கிலோ கந்தக டை ஆக்சைடு வரும். 95 சதவீதம் பிடிக்கும் கந்தக நீக்கி உள்ள ஆலையில் அது 1 கிலோ. இரண்டு ஆலைகளிலும் கரியமில வாயு ஏறக்குறைய ஒன்றுதான், நிலக்கரியின் தரத்தைப் பொறுத்து 2 முதல் 2.5 டன். சொல்லப்போனால் நீக்கி உள்ள ஆலையில் கொஞ்சம் கூடுதல், ஏனென்றால் நீக்கியே மின்சாரம் தின்னும், சுண்ணாம்புக்கல்லும் வினையின்போது கரியமில வாயுவை விடும். ஆக, கார்பன் கணக்கில் சமமாகத் தெரியும் இரண்டு மூடல்களுக்கு இடையே உடல்நலக் கணக்கில் இருபது மடங்கு வித்தியாசம் வரலாம். ஒரே பெருக்கெண் இதை மறைத்துவிடும்.

எனவே டன்னிலிருந்து அல்ல, மின்நிலையத்திலிருந்து தொடங்குங்கள்.

முதலில், அனுமதியின் விலை ஏறும்போது எந்த யூனிட் எந்த மணிநேரத்தில் உற்பத்தியைக் குறைக்கும் என்று பார்க்க வேண்டும். இதற்கு மின் அனுப்புகை மாதிரி தேவை. அது இல்லாவிட்டால் கடந்த மூன்று ஆண்டுகளின் மணிநேர உற்பத்தித் தரவை எடுத்து, தேவை ஏறி இறங்கும்போது எந்த யூனிட்டுகள் கூடவோ குறையவோ செய்தன என்று புள்ளியியல் முறையில் கண்டுபிடிக்கலாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையான இபிஏவின் ‘ஏவர்ட்’ கருவி இந்தத் தர்க்கத்தில்தான் இயங்குகிறது. ஆண்டு சராசரி உமிழ்வுக் காரணியை வைத்துப் போட்டால் தவறான ஆலைக்குப் பலன் எழுதப்படும். சராசரியில் அணுமின், நீர்மின் நிலையங்களும் கலந்திருக்கின்றன, அவை கார்பன் விலையால் நிற்கப்போவதில்லை.

இரண்டாவது, குறைந்த உற்பத்தியை யார் ஈடுகட்டுகிறார்கள்? திட்டத்துக்கு வெளியே எல்லைக்கு அப்பால் ஒரு மின்நிலையம் கூடுதலாக ஓடினால் அந்தப் புகையும் உங்கள் கணக்கில் வர வேண்டும். அமெரிக்காவின் வடகிழக்கு மாகாணங்களின் ஆர்ஜிஜிஐ என்ற கார்பன் உச்சவரம்புத் திட்டத்தில் (2009இல் தொடங்கியது, 25 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள புதைபடிவ எரிபொருள் மின்நிலையங்களுக்கு) இந்தக் கசிவு ஆய்வுகளில் தெரிந்தது. உள்ளே நிலக்கரி மின்சாரம் குறைந்தது, அண்டை மாகாணங்களில் எரிவாயு மின்சாரம் கூடியது. எரிவாயுவில் கந்தகம் அநேகமாக இல்லை என்பதால் அங்கே கார்பன் கசிந்த அளவுக்கு உடல்நலப் பலன் கசியவில்லை. ஈடுகட்டியது பழைய நிலக்கரி ஆலையாக இருந்திருந்தால் கதையே வேறு.

மூன்றாவது, பலரும் தவறவிடுவது: கந்தக டை ஆக்சைடுக்கே தனி உச்சவரம்பும் வர்த்தகமும் அந்த நாட்டில் ஏற்கெனவே இருக்கிறதா? இருந்து, அந்த வரம்பு இறுக்கமாகவும் இருந்தால், ஒரு ஆலை மூடும்போது மிஞ்சும் அனுமதியை வேறோர் ஆலை வாங்கிப் பயன்படுத்தும். மொத்தத்தில் ஒரு கிலோகூடக் குறையாது, இடம்தான் மாறும். வரம்பு தளர்வாக இருந்தால் மட்டுமே முழுப் பலனையும் உங்கள் திட்டத்துக்கு எழுதலாம்.

கருவிகள்: அமெரிக்காவுக்குள் என்றால் ‘கோப்ரா’ போதும். மாவட்ட அளவில் உமிழ்வு மாற்றத்தைக் கொடுத்தால் நுண்துகள் மாற்றம், நோய், இறப்பு, பண மதிப்பு எல்லாம் தரும். பிற நாடுகளுக்கு, உமிழ்விலிருந்து காற்றின் மாசைக் கணக்கிடும் ‘கெயின்ஸ்’, ‘இன்மேப்’ இரண்டும் குறைந்த கணினி வசதியில் ஓடும். உலக சுகாதார அமைப்பின் ‘ஏர்க்யூ பிளஸ்’ உடல்நலப் பகுதியை மட்டுமே செய்யும். காற்றில் செறிவு எவ்வளவு குறைந்தது என்பதை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். இது தெரியாமல் உமிழ்வு டன்னை அதில் எங்கே இடுவது என்று பலர் தேடுகிறார்கள்.

---

நலக்கணக்கு:

புகைபோக்கி சொன்னதன் தொடர்ச்சியாக உடல்நலப் பகுதி. சூத்திரம் சிறியது, பிழைகள் உள்ளீட்டில்தான் நுழைகின்றன.

தவிர்க்கப்படும் இறப்புகள் = ஆண்டு இறப்புகள் × (1 − 1.08^(−குறைவு ÷ 10))

இதில் ‘குறைவு’ என்பது காற்றில் பி.எம். 2.5 (2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவுமான நுண்துகள்) ஒரு கன மீட்டருக்கு எத்தனை மைக்ரோகிராம் குறைகிறது என்பது. 1.08 என்பது நீண்டகாலத்தில் அது 10 மைக்ரோகிராம் கூடினால் இயற்கைக் காரண இறப்புக்கான ஒப்பீட்டு அபாயம், அதாவது அபாயம் 8 சதவீதம் கூடும். உலக சுகாதார அமைப்பின் 2021 வழிகாட்டி அளவுகளுக்காகச் செய்யப்பட்ட தொகுப்பாய்வின் எண் இது, நம்பக இடைவெளி (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லை) 1.06 முதல் 1.09 வரை.

கற்பனைப் பகுதி ஒன்றை எடுத்துக்கொள்வோம். மக்கள்தொகை 20 லட்சம். நகரத்தில் 15 லட்சம் பேர், அங்கே பி.எம். 2.5 குறைவது 1.8 மைக்ரோகிராம். வெளிப்புறத்தில் 5 லட்சம் பேர், அங்கே 0.6 மைக்ரோகிராம். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 1.2. மக்கள்தொகை எடையிட்டால் (15 × 1.8 + 5 × 0.6) ÷ 20 = 1.5. இந்த 1.5தான் சரி. வரைபடக் கட்டங்களின் பரப்புச் சராசரியைப் போட்டால் இன்னும் குறைவாக வரும், ஏனென்றால் பெரும்பாலான கட்டங்களில் ஆட்களே இருக்க மாட்டார்கள்.

30 வயதுக்கு மேற்பட்டோர் 12 லட்சம், அவர்களிடையே இயற்கைக் காரணங்களால் ஆண்டு இறப்பு ஆயிரத்துக்கு 10 என்றால் 12,000 இறப்புகள். 1.5 மைக்ரோகிராம் குறைவுக்கு 12,000 × 0.0115, அதாவது ஆண்டுக்குச் சுமார் 138. இடைவெளியின் இரு முனைகளையும் போட்டால் 104 முதல் 154. மூன்று எண்களையும் அறிக்கையில் கொடுங்கள், 138ஐ மட்டும் தலைப்பில் போடாதீர்கள்.

எங்கே தவறுகிறது என்றால்:

வயது பொருந்தாமை. ஒப்பீட்டு அபாயம் பெரியவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளிலிருந்து வந்தது. அதை விபத்து, குழந்தை இறப்பு எல்லாம் சேர்ந்த மொத்த இறப்பு விகிதத்தோடு பெருக்கக் கூடாது.

இரட்டைக் கணக்கு. பி.எம். 2.5 இறப்பையும் நைட்ரஜன் டை ஆக்சைடு இறப்பையும் தனித்தனியே போட்டுக் கூட்டிவிடுகிறார்கள். இரண்டும் ஒரே புகையிலிருந்து வருவதால் ஆய்வுகளில் ஒன்றின் விளைவு மற்றதில் ஒட்டிக்கொண்டிருக்கும். 2013ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டுதல் இப்படி ஒன்றன்மேல் ஒன்று படியும் பங்கு 33 சதவீதம் வரை இருக்கலாம் என்று எச்சரித்தது. ஒன்றை முதன்மையாகக் கொண்டு மற்றதை உணர்திறன் சோதனையாக (அனுமானத்தை மாற்றினால் முடிவு எவ்வளவு மாறும் என்று பார்ப்பது) மட்டும் காட்டுவது நல்லது.

நேரம். 138 பேரையும் முதல் ஆண்டிலேயே எழுதக் கூடாது. இபிஏ தன் மதிப்பீடுகளில் பயன்படுத்திவந்த கால இடைவெளிப்படி இறப்புப் பலனில் 30 சதவீதம் முதல் ஆண்டில், 50 சதவீதம் 2 முதல் 5 ஆண்டுகளில், மீதி 20 சதவீதம் 6 முதல் 20 ஆண்டுகளில். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் முதல் ஆண்டுக்கு 41தான் வரும். பண மதிப்பு கணக்கிடும்போது தள்ளுபடி விகிதத்தோடு (பிற்காலப் பலனின் இன்றைய மதிப்பைக் குறைக்கும் விகிதம்) சேர்ந்து இது மொத்தத்தைக் கணிசமாகக் குறைக்கும்.

வளைவின் வடிவம். செறிவு கூடக்கூட அபாயம் ஏறும் வேகம் தணிகிறது. ஆண்டுச் சராசரி 80 மைக்ரோகிராம் உள்ள இடத்தில் 1 மைக்ரோகிராம் குறைவதற்கு, 12 உள்ள இடத்தில் குறைவதைவிடக் குறைந்த பலன்தான் வரும். உங்கள் பகுதி மிக மாசுபட்டதென்றால் 1.08ஐ நேர்க்கோடாக நீட்டாதீர்கள், உயர் செறிவுகளுக்கென உருவாக்கிய வளைவுகளைப் பயன்படுத்துங்கள்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. இறப்பை மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். பண மதிப்பில் இறப்பு ஒன்றே மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடுவதால் குழந்தைகளுக்கு வரும் ஆஸ்துமா, குறைப்பிரசவம், எடை குறைந்த பிறப்பு ஆகியவை அட்டவணையின் அடிக்குப் போய்விடுகின்றன. ஆர்ஜிஜிஐ மாகாணங்களில் 2009 முதல் 2014 வரையிலான காலத்துக்குக் குழந்தைகளை மட்டும் வைத்து 2020இல் வந்த ஆய்வு, 537 குழந்தை ஆஸ்துமா நோயாளிகளும் 112 குறைப்பிரசவங்களும் தவிர்க்கப்பட்டதாக மதிப்பிட்டது. ஒரு குழந்தைக்கு வராமல் போன ஆஸ்துமா என்பது பல பத்தாண்டுகளின் மூச்சு. அதற்குத் தனி வரி கொடுங்கள்.

---

வளிச்சேதி:

புகைபோக்கியின் பதிலில் ஒரு சேர்க்கை. ‘கோப்ரா’, ‘இன்மேப்’ போன்ற எளிய கருவிகள் நுண்துகளுக்குச் சரி, ஆனால் நகர மையத்தின் ஓசோனுக்கு அவற்றை நம்பி முடிவு எடுக்காதீர்கள். நைட்ரஜன் ஆக்சைடு மிகுந்து, ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் குறைவாக உள்ள நகரங்களில் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைத்தால் முதலில் ஓசோன் ஏறும். ஓசோனைத் தின்றுகொண்டிருந்த நைட்ரிக் ஆக்சைடு குறைந்துவிடுவதுதான் காரணம். 2020 பொதுமுடக்கத்தின்போது பல நகரங்களில் நைட்ரஜன் டை ஆக்சைடு சரிய, ஓசோன் உயர்ந்தது இதனால்தான். போக்குவரத்துக் கட்டத்துக்கு வரும்போது ஒரு கோடைகாலத்துக்காவது முழு வேதியியல் மாதிரியை ஓட்ட ஆள் தேடுங்கள்.

அதேபோல, குளிர்காலத்தில் அம்மோனியா மிகுந்த வேளாண் பகுதிகளில் கந்தகம் குறையும்போது, விடுபட்ட அம்மோனியா நைட்ரேட் துகளாக மாறும். கந்தகத்தில் கிடைத்த லாபத்தில் ஒரு பங்கு இப்படித் திரும்பிப் போகும்.

---

ஒப்பீட்டுக்குழு:

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். இதில்தான் நல்ல நோக்கமுள்ள அறிக்கைகளும் தோற்கின்றன.

முதலில் அயர்லாந்தின் டப்ளின் நகரம். கார்பன் திட்டம் அல்ல, ஆனால் பாடம் அதேதான். 1990 செப்டம்பர் 1 அன்று நகரில் புகை கக்கும் நிலக்கரி விற்பனை தடை செய்யப்பட்டது. கரும்புகை ஏறக்குறைய 70 சதவீதம் சரிந்தது. 2002இல் வந்த ஆய்வு, தடைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டு, மொத்த இறப்பு 5.7, சுவாச நோய் இறப்பு 15.5, இதய, ரத்தநாள இறப்பு 10.3 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது. பிறகு தடை இல்லாத பகுதிகளையும் சேர்த்துச் செய்த மறு ஆய்வை, ஹெல்த் எஃபெக்ட்ஸ் இன்ஸ்டிட்யூட் என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பு 2013இல் வெளியிட்டது. அங்கேயும் அதே காலத்தில் இதய நோய் இறப்பு குறைந்துகொண்டிருந்தது தெரிந்தது. சுவாச நோய்ப் பலன் நிலைத்தது, இதய நோய்ப் பலனைத் தடைக்கு எழுத முடியவில்லை. முன்–பின் ஒப்பீடு மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

மின்துறையில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். ஆர்ஜிஜிஐ தொடங்கிய அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் பாறை அடுக்குகளிலிருந்து எடுக்கும் ஷேல் எரிவாயுவின் விலை விழுந்தது, 2008 நிதி நெருக்கடிக்குப் பின் மின்தேவை தளர்ந்தது, பாதரசக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. காற்று மேம்பட்டதில் இவை அனைத்துக்கும் பங்கு உண்டு. அதனால்தான் 2017இல் வெளியான ஆப்ட் அசோசியேட்ஸ் ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீடு காற்று அளவீட்டிலிருந்து தொடங்கவில்லை. திட்டம் இல்லாதிருந்தால் மின்நிலையங்கள் எப்படி ஓடியிருக்கும் என்ற மாதிரியோடு உண்மை நிலையை ஒப்பிட்டு, 2009 முதல் 2014 வரை 300 முதல் 830 அகால இறப்புகள் தவிர்க்கப்பட்டன, பலனின் மைய மதிப்பு 570 கோடி டாலர் என்றது. மொத்த மேம்பாட்டில் திட்டத்தின் பங்கு மட்டும் இது.

நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு சுயேச்சையான வழிகள்: ஒன்று மேலே சொன்ன மாதிரி வழி, மற்றது அளவீட்டு வழி. இரண்டும் ஒரே திசையைக் காட்டினால் வாதம் உறுதியாக நிற்கும்.

அளவீட்டு வழியில் சரியான குறியீட்டைத் தேர்ந்தெடுங்கள். நிலக்கரி ஆலைகள் குறைந்தால் கந்தக டை ஆக்சைடையும் துகளில் உள்ள சல்ஃபேட்டையும் (கந்தக டை ஆக்சைடு காற்றில் மாறி உருவாவது) பாருங்கள். வாகனங்கள் என்றால் நைட்ரஜன் டை ஆக்சைடு, கருங்கரித் துகள். மொத்த பி.எம். 2.5 மட்டும் பார்த்தால் தூசு, காட்டுத்தீ, பயிர் எரிப்பு எல்லாம் சேர்ந்து உங்கள் சமிக்ஞையை மூடிவிடும். சல்ஃபேட் உருவாகப் பல மணிநேரம் முதல் சில நாட்கள் ஆகும், அதற்குள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய்விடும். ஆகவே ஆலைக்கு அருகில் மட்டும் தேடாதீர்கள், காற்று போகும் திசையில் தொலைவிலும் தேடுங்கள்.

பிறகு வானிலையைக் கழிக்க வேண்டும். காற்றின் வேகம், திசை, வெப்பநிலை, ஈரப்பதம், கலப்பு அடுக்கின் (தரையை ஒட்டி மாசு கலந்து பரவும் காற்றடுக்கு) உயரம், மணி, கிழமை, ஆண்டின் நாள் ஆகியவற்றோடு காலப் போக்கையும் சேர்த்து ‘ரேண்டம் ஃபாரஸ்ட்’ வகை இயந்திரக் கற்றல் மாதிரியைப் பழக்குங்கள். பின் ஒவ்வொரு மணிநேரத்துக்கும் வெவ்வேறு நாட்களின் வானிலையைச் சில நூறு முறை மாற்றி மாற்றிக் கொடுத்துச் சராசரி எடுத்தால் வானிலை நீங்கிய போக்கு கிடைக்கும். குறைந்தது இரண்டு முழு ஆண்டுத் தரவு இல்லாமல் இதைச் செய்தால் பருவ மாற்றத்தையே திட்டத்தின் பலனாகப் படிக்க நேரும். அதன் பிறகு திட்டத்தில் சேராத, ஆனால் முன்பு ஒரே போக்கில் போன பகுதிகளோடு ஒப்பீடு. காற்றுவழியில் நேர் கீழே உள்ள அண்டைப் பகுதியை ஒப்பீட்டுக்கு எடுக்காதீர்கள், அதற்கும் பலன் போய்ச் சேர்ந்திருக்கும்.

கருவிகள் பற்றிக் கடைசியாக ஒன்று. எதிர்பார்க்கும் குறைவு 1 மைக்ரோகிராம் அளவில் இருக்கும்போது மலிவு விலை சென்சார்கள் அதைக் காட்டாது. ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டினால் துகள்கள் நீரேறிப் பருத்து, சென்சார் கூட்டிக் காட்டும். கண்காணிப்பு நிலையங்களில் துகளை அளக்கும் பீட்டா கதிர் மானியிலும் மணிநேர எண்ணில் சில மைக்ரோகிராம் இரைச்சல் உண்டு, மாதச் சராசரிதான் பேசும்.

---

நீலவானம்:

மிகவும் பயனுள்ள பதில்கள், எல்லோருக்கும் நன்றி. நான்காவது கேள்வி மீதி இருக்கிறது. இன்னொன்றும்: மொத்தமாகப் பலன் இருந்தும், புகைபோக்கிக்குப் பக்கத்தில் வாழும் ஏழை மக்களுக்குக் கிடைக்கவில்லை என்ற விமர்சனத்துக்கு மதிப்பீட்டில் எப்படி இடம் கொடுப்பது?

---

புகைபோக்கி:

காற்று கெட்ட இடங்கள் உண்டு. பிரிட்டன் 2001இல் வாகன வரியைக் கரியமில வாயு அளவின்படி மாற்றியது. கிலோமீட்டருக்குக் குறைவான கரியமில வாயு வெளியிடும் டீசல் கார்களுக்கு அது சாதகமானது, நகரச் சாலைகளில் நைட்ரஜன் டை ஆக்சைடு பிரச்சினை நீண்டுகொண்டே போனது. விறகு, மரத்துகள் கட்டிகளுக்கு எரிசக்திக் கணக்கில் கார்பன் பூஜ்யம் என்று எழுதுவதால் வீட்டு அடுப்புகளும் சிறு கொதிகலன்களும் ஊக்குவிக்கப்படுகின்றன. அவற்றின் புகை தாழ்வான குழாயிலிருந்து ஆட்கள் நடுவே வருகிறது. உயர்ந்த புகைபோக்கியில் வரும் ஒரு டன் துகளைவிட இந்த ஒரு டன் பல மடங்கு மூக்குகளுக்குள் போகும்.

புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்தெடுக்கும் கார்பன் பிடிப்பு அமைப்பில் இரு திசையும் உண்டு. அந்த வாயுவை உறிஞ்சும் அமீன் கரைசலைக் கந்தகம் கெடுக்கும் என்பதால் கந்தக டை ஆக்சைடை முன்பே நீக்கியாக வேண்டும், அது நல்லது. ஆனால் பிடிப்பதற்கே ஆற்றல் செலவாவதால் வெளியே தரும் ஒவ்வொரு யூனிட் மின்சாரத்துக்கும் எரிபொருளும் நைட்ரஜன் ஆக்சைடும் கூடும், கரைசல் சிதைந்து அம்மோனியாவும் வெளியேறும். ஹைட்ரஜனை எரித்தாலும் சுடர் வெப்பத்தால் நைட்ரஜன் ஆக்சைடு வரும், எரிக்காமல் மின்சாரமாக்கும் எரிபொருள் கலன்களில் செலுத்தும்போதுதான் வராது. மின்வாகனத்தில் பிரேக் தூசு குறையும், டயர் தேய்மானம் தொடரும். வாகன எடை கூடினால் அதுவும் கூடும்.

ஆகவே ஒவ்வொரு நடவடிக்கைக்கும் கரியமில வாயு, கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடு, நேரடி பி.எம். 2.5, அம்மோனியா, கரிமச் சேர்மங்கள் என ஆறு நிரல் அட்டவணை போடுங்கள். எந்தக் கட்டத்திலாவது கூட்டல் குறி வந்தால் அதை அடிக்குறிப்பில் ஒளிக்காமல், சரிசெய்யும் நிபந்தனையைத் திட்டத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.

---

ஒப்பீட்டுக்குழு:

ஏழை மக்கள் பற்றிய விமர்சனம் நியாயமானது, கலிஃபோர்னியாவில் அது வலுவாகவே எழுந்தது. அங்கே 2013இல் உமிழ்வு வர்த்தகம் தொடங்கியது. முதல் சில ஆண்டுகளில், வரம்புக்குட்பட்ட ஆலைகளில் பாதிக்கு மேல் உள்ளூர் உமிழ்வு கூடியதாக 2018இல் வந்த ஆய்வு சொன்னது. கூடிய ஆலைகளைச் சுற்றி வசதி குறைந்த குடியிருப்புகள் அதிகம். பின்னால் வந்த ஆய்வு வேறு முறையில், வர்த்தகம் இல்லாதிருந்தால் என்ற ஒப்பீட்டோடு பார்த்து, மாசு இடைவெளி குறைந்ததாகக் கண்டது. இரண்டும் வேறுவேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன: முதலாவது அந்த மக்கள் உண்மையில் எதைச் சுவாசித்தார்கள் என்பதற்கு, இரண்டாவது அதில் திட்டத்தின் பங்கு என்ன என்பதற்கு. உங்கள் அறிக்கையில் இரண்டையும் தனித்தனியாகக் காட்டுங்கள்.

வர்த்தகம் இடத்தைப் பார்க்காது, அது அதன் வடிவமைப்பிலேயே இருக்கிறது. கலிஃபோர்னியாவில் ஏலப் பணத்தில் குறைந்தது 25 சதவீதம் பின்தங்கிய பகுதிகளுக்குப் பலன் தரும் வகையில் செலவாக வேண்டும் என்று 2012இல் சட்டம் வந்தது. 2017இல் ஏபி 617 சட்டம் தேர்ந்தெடுத்த குடியிருப்புகளில் காற்றுக் கண்காணிப்பையும் உள்ளூர்க் குறைப்புத் திட்டத்தையும் கட்டாயமாக்கியது.

மதிப்பீட்டில் செய்யக் கூடியது: பலனை மாகாணச் சராசரியாகத் தராமல், வருமானத்தால் ஐந்து பிரிவாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பி.எம். 2.5 எவ்வளவு குறைகிறது என்று போடுங்கள். இறப்பு விகிதத்தையும் அந்தந்தப் பகுதியின் விகிதமாகவே எடுங்கள். ஏழைப் பகுதிகளில் அடிப்படை இறப்பு விகிதம் உயர்வாக இருக்கும், மாகாணச் சராசரியைப் போட்டால் அங்கே கிடைக்கும் பலனைக் குறைத்து எழுதியவர்கள் ஆவீர்கள். 12 கிலோமீட்டர் கட்டம் உள்ள மாதிரியில் ஆலைச் சுவரை ஒட்டிய தெரு தெரியாது, அந்த இடங்களுக்குத் தனியாக ஒரு கிலோமீட்டருக்குக் குறைந்த கட்டத்தில் பரவல் மாதிரி ஓட்டுங்கள்.

அந்தத் தெருக்களில் கண்காணிப்பு நிலையத்தைத் திட்டம் தொடங்குவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே நிறுவச் சொல்லுங்கள். இடையில் கருவியை மாற்ற வேண்டி வந்தால் பழையதையும் புதியதையும் குறைந்தது மூன்று மாதம் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டுத் திருத்தக் காரணி எடுங்கள். இல்லையென்றால் கருவி மாற்றத்தால் வந்த திடீர் ஏற்றமோ இறக்கமோ திட்டத்தின் பலனாகவோ தோல்வியாகவோ பதிவாகிவிடும்.